கொரோனா சமயத்தில் டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொரோனா மறுபடி தலைகாட்டுகிறது என்று செய்தி வந்தாலே சிறுநீரக நோயாளிகள் இருக்கும் வீடுகளில் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. அதனால் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அப்பாவுக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ். தொற்று பரவும் நேரத்தில் யூனிட்டுக்குக் கூட்டிப்போகவே பயமாக இருக்கிறது. ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமா அண்ணா? (கும்பகோணம்)

நீங்களாகக் குறைக்காதீர்கள் தங்கச்சி. 2020 ஊரடங்கில் நடந்ததைச் சொன்னால் புரியும். இந்தியாவின் 19 பெரிய மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த 2,517 பேரைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் 710 பேர் ஒரு முறையாவது டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார்கள். 69 பேரை அவசரமாக மெஷினில் போட வேண்டி வந்தது. 104 பேர் அப்புறம் வரவே இல்லை. ஆய்வுக்குத் தெரிந்து 9 பேர் இறந்துபோனார்கள். இவர்களில் பலரைத் தடுத்தது வைரஸ் இல்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, மாவட்ட எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள், அவ்வளவுதான்.

டயாலிசிஸ் தள்ளிப்போனால் உடம்பில் நீர் சேரும், பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறுவது பல நேரம் வெளியே தெரியாது, நேராக இதயத் துடிப்பில்தான் கைவைக்கும். வார இறுதியில் இரண்டு நாள் டயாலிசிஸ் இல்லாமல் போகும் இடைவெளியே எங்களுக்குக் கவலைதான். அதற்கு மேலும் ஒரு நாள் போனால் சொல்லவே வேண்டாம். சிறுநீர் இன்னும் ஓரளவு போகிற சிலருக்கு டாக்டரே அந்தச் சமயத்தில் 3-ஐ 2 ஆக்கினார் என்பது உண்மை. ஆனால் அது ஆளைப் பார்த்து, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து எடுத்த முடிவு.

எவ்வளவு முயன்றும் ஒரு முறை போக முடியாமல் போனால் உடனே யூனிட்டுக்கு போன் செய்து மாற்று நேரம் கேளுங்கள். அதுவரை உப்பையும் தண்ணீரையும் இறுக்கிப் பிடியுங்கள். இளநீர், வாழைப்பழம், பழச்சாறு, கீரை வேண்டாம். காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுச் சமையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் துவண்டுபோகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

எனக்கு முன்னால் கொரோனா நோயாளிக்குப் போட்ட மெஷினில் எனக்கும் போட்டால் தொற்றுமா? (விருதுநகர்)

மெஷின் வழியாகத் தொற்றாது. மஞ்சள் காமாலை பி வகைக்குத்தான் தனி மெஷின் அவசியம். கொரோனா மூச்சுக்காற்றில் வருவது. மெஷினின் வெளிப்பக்கத்தையும் கட்டிலையும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நடுவில் துடைத்துச் சுத்தம் செய்துவிடுகிறோம்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். காத்திருக்கும் ஹால், நாலைந்து பேர் சேர்ந்து வரும் ஷேர் ஆட்டோ, அப்புறம் டிஃபன் நேரம். டயாலிசிஸ் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் ஒருத்தர் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார். அந்த வாசத்துக்கே வரிசையில் எல்லோருடைய மாஸ்க்கும் தாடைக்கு இறங்கிவிடும். துணைக்கு வந்தவரும் உள்ளே வந்து ஊட்டிவிடுவார். தொற்று இருக்கும் மாதங்களில் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். சர்க்கரை நோயாளி என்றால் மட்டும் முன்கூட்டி சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாசிட்டிவ் என்றதும் வழக்கமாகப் போகும் யூனிட்டில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். 2021-ல் எங்களுக்கு நடந்தது. இன்னொரு முறை வந்தால் என்ன செய்வது? (சேலம்)

நிறையப் பேருக்கு நடந்தது. பாசிட்டிவ் நோயாளிகளுக்கென்று டயாலிசிஸ் வசதியைத் தனியாக ஒதுக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2020-லேயே மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. நடைமுறையில் எந்த ஆஸ்பத்திரி என்று தேடுவதற்குள்ளேயே இரண்டு நாள் போய்விட்டது. அதனால் இப்போதே உங்கள் யூனிட்டில் கேட்டு வையுங்கள்: “பாசிட்டிவ் ஆனால் இங்கேயே கடைசி ஷிஃப்டில் போடுவீர்களா, வேறு எங்காவது அனுப்புவீர்களா?” தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் விசாரிக்கலாம்.

இன்னொன்று. ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி, போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்: டிரை வெயிட் (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை), ஃபிஸ்டுலாவா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) கதீட்டரா (ரத்தக் குழாய்க்குள் வைத்த டியூப்), எந்தக் கை, ஹெபாரின் (ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து) உண்டா, காமாலை பி, சி மற்றும் எச்.ஐ.வி. பரிசோதனை கடைசியாக எடுத்த தேதி, கடைசி டயாலிசிஸ் எப்போது. புது இடத்தில் முதலில் கேட்பது இதைத்தான். இந்தத் தாள் இல்லாமல் வந்தால் பரிசோதனை முடிவுக்காகவே பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

கொரோனா வார்டில் சேர்த்தால் ஃபிஸ்டுலா கையைப் பார்த்துக்கொள்வது எப்படி? (பெயர் வேண்டாம்)

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. கவச உடையில் இருக்கும் சிஸ்டருக்கு உங்களை முன்பின் தெரியாது. அந்தக் கையிலேயே பி.பி. பார்ப்பார், டிரிப் போடுவார். மார்க்கர் பேனாவால் கையிலேயே ‘ஊசி, பி.பி. கூடாது’ என்று எழுதிவிடுங்கள். ஆக்சிஜன் ஏறுவதற்காகக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். அப்போது அந்தக் கை உடம்புக்கு அடியில் நசுங்கக் கூடாது. காய்ச்சலில் பி.பி. இறங்கினாலும் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்போதே சொல்லுங்கள்.

மூச்சு வாங்குவது நீர் சேர்ந்ததாலா, கொரோனாவாலா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாக முடியாது. டிரை வெயிட்டுக்கு மேல் 3, 4 கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் நீராக இருக்க வாய்ப்பு அதிகம். எடை ஏறாமல் காய்ச்சலும் இருமலும் இருந்து, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் அளவு இறங்கினால் நுரையீரலைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒன்றாக இருக்கலாம், ஸ்கேனிலும் சில நேரம் ஒன்றுபோலத் தெரியும். 94-க்குக் கீழே போனால் ஆராய்ச்சி வேண்டாம், கிளம்புங்கள்.

தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறோம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை, கொரோனா வந்தால் நிறுத்திவிடலாம் அல்லவா? (தஞ்சாவூர்)

யோசனை நியாயமாகத்தான் படும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் உடம்பு முதலில் எதிர்ப்பது அந்தச் சிறுநீரகத்தை. பொதுவாக டாக்டர்கள் இந்த மாத்திரைகளில் மைகோபினோலேட்டைத்தான் முதலில் நிறுத்திவைப்பார்கள் அல்லது குறைப்பார்கள். ஸ்டீராய்டைத் தொடர்வார்கள், அதைத் திடீரென்று நிறுத்தினால் பி.பி. விழுந்து ஆபத்தாகும். இதே வகையில் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸை நோயின் தீவிரம் பார்த்து முடிவு செய்வார்கள்.

டாக்ரோலிமஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், சிக்கலே அதில்தான். வயிற்றுப்போக்கு வந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். கொரோனாவுக்குக் கொடுக்கும் பாக்ஸ்லோவிட்டில் இருக்கும் ரிட்டோனாவிர் அதைப் பல மடங்கு ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், கருப்புப் பூஞ்சை போன்றவற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கும். ஆகவே எந்த டாக்டர் எதை எழுதினாலும் சீட்டைப் படம் எடுத்து டிரான்ஸ்பிளான்ட் டாக்டருக்கோ கோஆர்டினேட்டருக்கோ அனுப்பி, பதில் வந்த பிறகு மாத்திரையைப் பிரியுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களுக்குச் சுரம் அடிக்காமலேயே தொற்று வரலாம். வெறும் வயிற்றுப்போக்கும் அசதியுமாகவும் ஆரம்பிக்கும். “சுரம்தான் இல்லையே” என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கபசுரக் குடிநீர், சீந்தில், வைட்டமின் சி? (ஏழெட்டு ஊர்கள்!)

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. டயாலிசிஸ் நோயாளிக்குக் கஷாயமும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். மூலிகைச் சாறுகளில் பொட்டாசியம் எவ்வளவு என்று டப்பாவில் போட்டிருக்காது. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களோ, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் எதையும் தொடாமல் இருப்பதே நல்லது. தூண்டக் கூடாது என்றுதானே இவ்வளவு செலவழித்து மாத்திரை சாப்பிடுகிறார்கள்? சீந்திலால் கல்லீரல் பாதித்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வைட்டமின் சி அதிகமானால் ஆக்சலேட் என்ற உப்பாகச் சிறுநீரகத்தில் படியும். உடம்பு வலிக்கு பாராசிட்டமால் போதும், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை வேண்டாம்.

2 தடுப்பூசி போட்டாயிற்று. இனி மேற்கொண்டு மாஸ்க் தேவையா? (மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், கோவை)

உங்களுக்குத் தேவை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2021-ல் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களைப் பரிசோதித்தபோது, 2 டோஸுக்குப் பிறகும் 54% பேருக்குத்தான் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) உருவாகியிருந்தது. அதற்காகத் தடுப்பூசி வீண் என்று அர்த்தமில்லை, கூடுதல் டோஸ் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களும் போட்டுக்கொண்டால் உங்களுக்கு அது பாதி பாதுகாப்பு. கோவிஷீல்டு, கோவேக்சின் இரண்டிலும் பெருகக்கூடிய கொரோனா வைரஸ் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிகள் ஃபிஸ்டுலா இல்லாத கையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மனைவி சிறுநீரகம் கொடுக்கிறார். அறுவைக்குத் தேதி குறித்த பிறகு எனக்குக் கொரோனா வந்துவிட்டது. வாய்ப்பு போய்விடுமா? (மதுரை)

போகாது, தள்ளிப்போகும். அறுவைக்குப் பிறகான முதல் சில வாரங்களில்தான் எதிர்ப்புச் சக்தியை மிகவும் அடக்கி வைப்பார்கள். அந்த நேரத்தில் தொற்று உள்ளே இருக்கக் கூடாது. அதனால்தான் 2020 ஊரடங்கில் அவசரமில்லாத உறுப்பு மாற்றுகளையே நிறுத்தி வைத்தார்கள். எத்தனை வாரம் என்பது நோய் எவ்வளவு கடுமையாக வந்தது என்பதைப் பொறுத்தது. லேசாக வந்து போனவருக்கும் ஆக்சிஜனில் இருந்தவருக்கும் ஒரே கணக்கு கிடையாது. மனைவிக்கும் பரிசோதனை செய்வார்கள். அதுவரை டயாலிசிஸை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளுங்கள், ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வயிறு வழி டயாலிசிஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையா? (திருநெல்வேலி)

வெளியே அலைய வேண்டாம் என்பது பெரிய லாபம். பொதுவாக டயாலிசிஸ் திரவம் உள்ள 2 லிட்டர் பை, நாளுக்கு 3, 4 தடவை, வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். வெளியேறும் நீர் கலங்கலாக வந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரி. எல்லோருக்கும் ஒத்துவராது, முன்பு வயிற்றில் பெரிய அறுவை செய்தவர்கள் குறிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாறுவதாக இருந்தால் தொற்று இல்லாத மாதங்களில் மாறுங்கள். வயிற்றில் குழாய் வைத்து, பழகி, கை தேறக் கொஞ்ச நாள் ஆகும்.

அண்ணனுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தேன். எனக்கும் இதே ஆபத்தா?

இல்லை. நீங்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லையே. மற்றவர்களுக்கு உள்ள ஜாக்கிரதையே போதும். வலி மாத்திரையை மட்டும் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். காய்ச்சலில் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், வருஷத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.