முதல் பேஸுக்கு நாலு கம்பி போதும்

நண்பரே, சர்ச்சில் வாசிக்க முதல் பேஸ் கிடார் வாங்கணும், கையில் 25,000 ரூபாய், நாலு கம்பியா அஞ்சு கம்பியா என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் நாலு கம்பியே வாங்குங்கள். அஞ்சாவதாக வரும் கீழ் பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ், விலை குறைந்த பேஸ்களில் அது பெரும்பாலும் தொளதொளவென்றுதான் இருக்கும், உங்களிடம் இருப்பதாகச் சொன்ன சின்ன ஆம்பில் (ஒலிபெருக்கியில்) அந்த அடிநாதம் சரியாக வெளியே வரவும் வராது. பாட்டு டி ஸ்கேலில் வந்தால் நாலில் தடித்ததான ஈ கம்பியை ஒரு டோன் தளர்த்தி டி சுருதிக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 பாருங்கள், கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பில் பி, ஜே இரண்டு வகையும் உண்டு. ஆனால் ஆன்லைனில் வேண்டாம், சென்னை அண்ணா சாலை மியூசி மியூசிகல் மாதிரி கடைக்கு நேரில் போங்கள். நெக்கில், அதாவது கழுத்துப் பகுதியில், குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழெட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில் பாருங்கள்: ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக் சரியாக இருக்கிறது, அதைவிட ரொம்ப அதிகம் என்றால் நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடை அங்கேயே திருகிச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவிடணும்.

அப்புறம், அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததைக் கேளுங்கள். நாலே கம்பி, மீட்டுவதற்குப் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான், அதில் என்னென்ன செய்திருக்கிறார் மனுஷன்! ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பழகுங்கள்.

ஆம்ப் எத்தனை வாட் என்று சொல்லுங்கள், சர்ச்சுக்குத் தாங்குமா பார்க்கலாம்.