டப்பாவைத் திறக்கும் முன்

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். எங்கள் மொட்டைமாடி ஸ்டோர் ரூமில் இரும்பு பீரோ நிறைய 16 மி.மீ. பிலிம் சுருள்கள் கிடக்கின்றன. டப்பாக்களின் மேல் விவசாயம், அணைக்கட்டு, அம்மை குத்துதல் என்று எழுதியிருக்கிறது. சிலவற்றைத் திறந்தால் புளித்த வாடை. புரொஜெக்டரும் இருக்கிறது. ஓட்டிப் பார்த்து, சுவரில் விழுவதைச் செல்போனில் எடுத்து, எங்கள் குறும்படத்தில் ‘அந்தக் காலம்’ வரும் இடங்களில் சேர்க்க நினைக்கிறோம். தேவையான துண்டுகளை வெட்டி எடுக்கலாமா? காப்புரிமைச் சிக்கல் வருமா?

ம., தருமபுரி

அன்புள்ள ம.,

புரொஜெக்டரில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் அதைச் செய்தவன்தான். கல்லூரி நாளில் ஒரு பழைய சுருளை அவசரமாக மாட்டினேன். பிலிம் சுருங்கியிருந்தது, ஓரத்துளைகள் இயந்திரத்தின் பற்களில் உட்காரவில்லை. கடகடவென்ற சத்தம் எதனால் என்று புரிவதற்குள் இருபது அடிக்குத் துளைகள் கிழிந்துவிட்டன. பதற்றத்தில் மோட்டாரை நிறுத்தினேன், விளக்கை அணைக்கவில்லை. விளக்குக்கு எதிரே நின்ற கட்டம், அதாவது பிலிமின் ஒற்றைப் படம், கொப்புளித்துக் கருகியது. அதில் என்ன படம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் சொல்லும் வாடை அசிட்டிக் அமிலம். அந்த பிலிமின் அடித்தளமான செல்லுலோஸ் அசிடேட் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது வருவது. வந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஒரே பீரோவில் பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். வாடை வருவதைத் தனியே பிரியுங்கள். எல்லாவற்றையும் மொட்டைமாடியிலிருந்து கீழே, ஈரமில்லாத அறைக்கு இறக்குங்கள். நம்ம பக்கத்தில் புளிக்குக் குளிர்பதனக் கிடங்கு உண்டு, பிலிமுக்குத்தான் இல்லை.

பிறகு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, கையுறை போட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். 400 அடிச் சுருள் ஓடுவது 11 நிமிடம். கையால் பார்க்க ஒரு மத்தியானம் ஆகும். வெட்டலாமா என்று கேட்டீர்களே, அதற்கு ஓரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் துளை இருந்தால் மறுபக்கம் ஒலிக்கோடு ஓடும். ஒரு கட்டத்துக்கான ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது; 26 கட்டம் முன்னால், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி இருக்கும். நீங்கள் ஒரு முகத்தை வெட்டினால் குரல் மிச்சச் சுருளில் நின்றுவிடும். வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் ஸ்கேன் செய்ய வழி தேடுங்கள்.

காப்புரிமை சுருக்கமாக: வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1960இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. ஆவணப்படங்கள் எடுத்த அரசு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்களுக்கும் அதே கணக்கு. 2022இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. காலம் தீராதவற்றுக்கு அங்கே எழுதுங்கள். ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்கக் கல்லூரிக்குள் திரையிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. யூடியூபில் ஏற்றுவது வேறு கதை.

ஆனால் எனக்கு உறுத்தியது உங்கள் ‘அந்தக் காலம்’தான். கீறலும் மங்கலும் போதும் என்றால் செல்போன் ஆப்பிலேயே கிடைக்கும், இந்தச் சுருள் எதற்கு? இப்படிப்பட்ட படங்கள் வேனில் ஊர் ஊராகப் போனவை. இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிய திரையில் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஓய்ந்தது. அம்மை குத்திய தழும்பு கையில் உள்ளவர்கள் பென்னாகரத்திலும் அரூரிலும் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் வீட்டுப் பாட்டி உட்பட. அந்தப் படத்தை ஸ்கேன் செய்து அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். கேமரா திரையைப் பார்க்க வேண்டாம், அவர்களைப் பார்க்கட்டும். ஊசிக்குப் பயந்து கரும்புக் காட்டில் ஒளிந்த கதை ஒன்றாவது வரும். அதுதான் உங்கள் குறும்படம்.

ஆகவே அம்மை டப்பாவை முதலில் எடுங்கள். திறக்கும் முன் மூடியில் ஒட்டிய சீட்டைப் போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய பசை, தொட்டால் உதிரும்.