பைபாஸா, ஸ்டென்ட்டா? '2 சதவீத ரிஸ்க்' என்றால் என்ன?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்றதால் ஆஞ்சியோகிராம் எடுத்தோம். மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு இருக்கிறது, பைபாஸ்தான் நல்லது, ரிஸ்க் 2 சதவீதம் என்கிறார் சர்ஜன். ஸ்டென்ட்டும் பைபாஸும் ஒன்றுதான் என்று ஓர் ஆராய்ச்சி, மாத்திரையே போதும் என்று இன்னோர் ஆராய்ச்சி என்று படித்துவிட்டுக் குழம்பிப்போயிருக்கிறோம். எதை நம்புவது?

பதில்: நீங்கள் படித்த எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த ஆராய்ச்சிகளில் யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்று பார்க்காமல் முடிவை மட்டும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் எந்த ஆராய்ச்சியில் இருந்தார்கள் என்றுதான் முதலில் தேட வேண்டும்.

மாத்திரை போதும் என்று நீங்கள் படித்தது, 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வாக இருக்கலாம். 5,179 பேர் கலந்துகொண்டார்கள். மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும், உடனே ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பைச் சரிசெய்தவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சரி. ஆனால் இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் பம்பிங் மிகவும் குறைந்தவர்களும் அதில் சேர்க்கப்படவே இல்லை. அடைப்பைச் சரிசெய்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் பைபாஸ், மற்றவர்களுக்கு ஸ்டென்ட். இதை வைத்துக்கொண்டு பைபாஸ் வீண் என்று சொல்ல முடியாது.

'இரண்டும் ஒன்றுதான்' என்பதும் இப்படித்தான். ஸ்டென்ட்டையும் பைபாஸையும் ஒப்பிட்ட 'சின்டாக்ஸ்' ஆய்வில் இருந்தவர்களைப் 10 ஆண்டுகள் கழித்து, 2019இல் கணக்கெடுத்தபோது, மொத்தமாகப் பார்த்தால் இறப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று குழாய்களிலும் அடைப்பு இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கதை வேறு: ஸ்டென்ட் வைத்தவர்களில் 28 சதவீதம் பேர், பைபாஸ் செய்தவர்களில் 21 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்.

உங்கள் அப்பாவுக்கு மிக அருகில் வருவது 2012இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வு. 1,900 பேர், எல்லோருக்கும் சர்க்கரை நோய், ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு. 5 ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதமும் பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதமும் இறந்தார்கள். மாரடைப்பும் பைபாஸ் பக்கம் பாதிக்கும் குறைவு. பக்கவாதம் மட்டும் நேர்மாறு: பைபாஸில் 5.2, ஸ்டென்ட்டில் 2.4 சதவீதம். பைபாஸுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை விட்டுவிடுவது உண்டு; விடக் கூடாது. அன்றைக்கு இருந்ததைவிட ஸ்டென்ட்டுகள் இப்போது தரம் உயர்ந்திருக்கின்றன, அதனால் இடைவெளி ஓரளவு குறைந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஏன் இந்த வித்தியாசம்? சர்க்கரை நோயில் அடைப்பு ஓரிடத்தோடு நிற்காது, குழாய் நெடுகிலும் கொழுப்பு படிந்துகொண்டே போகும். ஸ்டென்ட் வைத்த இடம் திறந்திருக்கும். அதற்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் புதிதாக அடைத்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பைபாஸில் புதுக்குழாயை அடைப்புகளையெல்லாம் தாண்டிக் கீழே இணைப்பதால், மேலே நாளைக்கு வரும் அடைப்புக்கும் அது பாதுகாப்பாகிறது.

அடுத்து, அந்த 2 சதவீதம். வயது, சிறுநீரகத்தின் நிலை, பம்பிங், அவசர அறுவையா இல்லையா போன்ற விவரங்களைக் கொடுத்தால் 'யூரோஸ்கோர் 2' போன்ற கணக்கீடுகள் ஓர் எண்ணைத் தரும். சர்ஜன் சொன்னது பெரும்பாலும் அப்படி வந்ததுதான். இதே நிலையில் உள்ள 100 பேருக்கு அறுவை செய்தால், அதையொட்டிய நாட்களில் சுமார் 2 பேர் இறக்கக்கூடும் என்று அர்த்தம். பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, நெஞ்செலும்புப் புண்ணில் தொற்று எதுவும் இந்த எண்ணில் இல்லை. 5 ஆண்டு கழித்து எப்படி இருப்பார் என்பதும் இல்லை. சர்க்கரை நோயாளிக்குப் புண் தொற்று ஒரு முக்கியமான விஷயம் என்பதால் தனியாகக் கேளுங்கள். ஆள் எவ்வளவு தெம்பாக நடமாடுகிறார் என்பதும் அந்தக் கணக்கில் சரியாக வராது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மருத்துவமனைகளின் வெற்றி விகிதத்தை ஒப்பிட நினைத்தால் ஒரு எச்சரிக்கை. சிக்கலான நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் இறப்பு விகிதம் கூடுதலாகத்தான் தெரியும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1990களின் தொடக்கத்திலிருந்தே பைபாஸ் முடிவுகளை, நோயின் தீவிரத்துக்கு ஏற்பக் கணக்கைச் சரிசெய்து வெளியிட்டு வருகிறது. அப்படியும், கடினமான நோயாளிகளைச் சில சர்ஜன்கள் தவிர்க்கிறார்கள் என்ற விவாதம் எழுந்தது. 'எங்களிடம் ஒருவர்கூட இறந்ததில்லை' என்று யாராவது சொன்னால், யாரையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சர்ஜன் சொல்வது நியாயமான யோசனைதான். ஆனால் எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, ஆஞ்சியோகிராம் படங்கள் எதையும் நான் பார்க்கவில்லை. இதயநோய் மருத்துவர், சர்ஜன் இருவரோடும் ஒருசேர உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பக்க முக்கியக் குழாய்க்கு நெஞ்சுத் தமனியை வைத்துத்தானே இணைப்பீர்கள் என்று கேளுங்கள். அது 10 ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்திருக்கும். மற்ற இணைப்புகளுக்குக் காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாய் (சிரை) அத்தனை காலம் தாக்குப்பிடிக்காது. அறுவைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் பலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும், பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும், பயந்துவிடாதீர்கள்.

முடிவெடுக்கச் சில நாள் ஆனால் பரவாயில்லை. அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.