தொலைநோக்கிகூட இல்லாமல் வீட்டிலிருந்தே ஒரு விண்கலத்தைப் பின்தொடர்வது நேரத்தை வீணாக்குவதா?

கேள்வி கேட்ட தம்பி (தங்கச்சியாகவும் இருக்கலாம்) வீட்டில் யாரிடமோ பேச்சு வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "இரவிரவாகப் போனைப் பார்த்து என்னத்தைக் கண்டாய்" என்று கேட்டிருப்பார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் வீட்டோடு தையல் செய்கிறவள். விஞ்ஞானம் படிக்கவில்லை. பிழை இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திருத்துகிறேன். கெட்டித்தனம் காட்ட மட்டும் வராதீர்கள்.

2019 செப்டெம்பர் 7 அதிகாலை. இவர் நித்திரையானதும் அவருடைய போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், சத்தத்தைக் குறைத்துவிட்டு இந்தியாவின் சந்திரயான்-2 சந்திரனில் இறங்குவதைப் பார்த்தேன். திரையில் போகவேண்டிய பாதையாக ஒரு வளைகோடு, அதில் விண்கலமாகப் பச்சைப் புள்ளி. இரண்டு மணி கிட்ட அந்தப் புள்ளி கோட்டை விட்டு விலகியது. அது நல்லதா கெட்டதா என்றே எனக்கு விளங்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் முகம் மாறிய பிறகுதான் பதறினேன். 2.1 கிலோமீற்றர் உயரம் வரை எல்லாம் சரி, அதன்பின் தொடர்பு இல்லை என்று அறிவித்தார்கள். யார் செத்தது என்று தெரியாமல் செத்தவீட்டில் அழுத மாதிரி இருந்தது. விடிந்து ஒரு பள்ளிக்கூட யூனிபோமுக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தேன். வீட்டில் இன்றைக்கும் அது பகிடி.

சரி, அடுத்த முறை விளங்கிக்கொண்டுதான் அழுவது என்று முடிவெடுத்தேன்.

2023 ஜூலை 14 சந்திரயான்-3 கிளம்பியது. துணி வெட்டுவதற்கு அளவு போடும் பிரவுன் பேப்பரில் ஒரு சென்ரிமீற்றருக்கு 10,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டேன். பூமியின் விட்டம் 12,742 கிலோமீற்றர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான். இரண்டு தையல் போட்டுப் பேப்பரிலேயே தைத்தேன். அதிலிருந்து 38 சென்ரிமீற்றர் தள்ளிச் சந்திரன், ஒரு கொத்தமல்லி விதை. பூமியைச் சுற்றும் பாதையில் விண்கலம் எவ்வளவு தூரம் போகிறது என்று இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ ஒவ்வொரு முறை அறிவிக்கும்போதும் அளவு நாடாவால் அளந்து ஒரு வளையம் கீறுவேன். 15ஆம் திகதி 41,762 கிலோமீற்றர், பேப்பரில் 4 சென்ரிமீற்றர் சொச்சம். 25ஆம் திகதி 1,27,603. வளையத்தின் ஒரு முனை தூரத் தூரப் போகும். மறுமுனை மட்டும் ஏறத்தாழ 200 கிலோமீற்றரிலேயே நிற்கும். என் பேப்பரில் அது பொத்தான் விளிம்பிலிருந்து ஒரு நூல் தடிப்பு. ஊஞ்சல் கீழே வரும்போது தள்ளினால்தான் உயரப் போகும் அல்லவா, அதேபோல் பூமிக்குக் கிட்ட வரும்போது எஞ்சினை எரித்தால் மறுபக்கம் இன்னும் தூரம் எறிபடும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. நாலாவது வளையம் கீறும்போது தானாக விளங்கியது. அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை?

"இந்தியாக்காரன் விட்டதற்கு நீ ஏன் குதிக்கிறாய்" என்று கீழே ஒருவர் வருவார், தெரியும். எங்கள் நாட்டின் ராவணா-1 செய்மதி 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டதையும் நான் பார்த்தேன் ஐயா. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் பெயர் இனிக்காதா? இன்னொன்று, இந்தியாவின் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவங்களுக்கு மேலால் சுற்றும் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ரொக்கெட், இலங்கைக்கு மேலால் பறக்கக்கூடாது என்று வளைந்து போகிறது. எரிபொருள் செலவழித்து எங்களைச் சுற்றிக்கொண்டு போகும் ரொக்கெட்டை நான் பார்க்கக்கூடாதா?

ஓகஸ்ட் 23 பின்னேரம் 5.45க்கு இறக்கம் தொடங்க, பிளவுஸ் அளவு பார்க்க ஒரு தங்கச்சியும் வந்துவிட்டா. இருத்திவிட்டேன். தொடக்கத்தில் உயரம் 30 கிலோமீற்றர், வேகம் செக்கனுக்கு 1.68 கிலோமீற்றர். அந்த வேகத்தில் இங்கிருந்து கொழும்புக்கு இரண்டரை நிமிடம் என்றேன். பஸ்ஸில் முதுகு உடைந்துதான் போய்ச் சேருகிறோம் என்றா. இந்த முறை புள்ளி கோட்டிலேயே நின்றது. 150 மீற்றரில் கீழே கல், பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க அந்தரத்தில் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்ததால் அவ பயப்படவில்லை, நான்தான் பயந்தேன். 6.04க்கு இறங்கியது. நான் கண்ணைத் துடைக்க, "அக்கா, இனியாவது கைப்பக்கத்தைக் கொஞ்சம் லூசாக்குங்கோ" என்றா.

அந்தப் பேப்பரின் படத்தைப் போடச் சொல்வீர்கள். போட முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காட்ட விறாந்தையில் விரித்துவிட்டு உள்ளே போன நேரம், திறந்துகிடந்த கேற்றால் ஒரு மான் வந்துவிட்டது. எங்கள் ஊர் மான்களைப் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட்டைக் கடதாசியோடு நீட்டிப் பழக்கி வைத்திருக்கிறார்கள், அதுகளும் சொப்பிங் பை வரைக்கும் தின்னுதுகள். வயிற்றில் அது போய் அடைத்தால் யார் பொறுப்பு? சொன்னால் எனக்குத்தான் விசர் என்கிறார்கள். அது கொத்தமல்லிப் பக்கமிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. நான் கத்தியபோது பொத்தானும் முதல் இரண்டு வளையமும்தான் மிச்சம்.