ஆய்ந்தவருக்கு ஒரு கிண்ணம்

கேள்வி: எங்கள் வீட்டில் துவாதசி தவறாமல் அகத்திக்கீரை உண்டு. கணவரும் 13 வயது மகனும் கசக்கிறது என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக்கூடப் பார்த்துவிட்டேன். நான் வேலைக்குப் போவதால் கீரையை மாமியார்தான் ஆய்ந்து தருவார். 71 வயதாகிறது, பல் இல்லாததால் அவர் கீரை சாப்பிடுவதில்லை, ரசம் சாதம் போதும் என்பார். சத்துள்ள கீரை வீணாகிறதே என்று வேதனையாக இருக்கிறது. கசப்புத் தெரியாமல் சமைக்க வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கீரைக் கசப்பைப் பற்றி எனக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் முகம் சுளிக்கும் கணவரும் பிள்ளையும் இருப்பார்கள். உங்கள் கடிதத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டு, ரசம் சாதம் போதும் என்று நகர்ந்துவிடுகிறார். நீங்களும் அவரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

அகத்தி ஆய்வது முளைக்கீரை ஆய்வது போல இல்லை. ஒவ்வொரு ஈர்க்கையும் நுனியில் பிடித்து, இரண்டு விரலால் கீழ்நோக்கி உருவ வேண்டும். பழுப்பையும் பூச்சி அரித்ததையும் தனியே பொறுக்க வேண்டும். ஒரு கட்டு முடிவதற்குள் நகக்கண் பச்சையாகிவிடும். இதை 71 வயதில் ஒருவர் உட்கார்ந்து செய்கிறார், அதில் ஒரு வாய் கூட அவருக்குப் போவதில்லை. வீணாவது கீரை மட்டும்தானா?

சத்து என்று எழுதினீர்கள், கணக்கைப் பார்ப்போம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் அகத்திக்கீரையில் கால்சியம் 1130 மில்லிகிராம். அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம்தான். புரதமும் 8 கிராமுக்கு மேல் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று அந்த நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறது. இலையில் இருப்பது முழுவதும் உடம்பில் சேராது என்றாலும், உங்கள் வீட்டில் இந்தக் கீரை முதலில் யார் வாய்க்குப் போக வேண்டும்? பந்து விளையாடும் பையனுக்கா, வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடிய பாட்டிக்கா?

அவர் சாப்பிடுவதில்லை என்று எழுதியது தவறு. அவரால் சாப்பிட முடிகிற மாதிரி யாரும் செய்து கொடுக்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். “போதும்” என்று பெரியவர்கள் சொன்னால், நமக்காக யாரும் தனியாக அடுப்பேற்ற வேண்டாம் என்று பொருள். அதை அப்படியே எடுத்துக்கொள்வது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. பல்செட் கட்ட அவரை யாராவது மருத்துவரிடம் அழைத்துப் போனீர்களா? மகனுக்குப் பல் கோணலாக இருந்தால் இந்நேரம் கிளிப் மாட்டியிருப்பீர்கள். ‘அகத்தி ஆயிரம் காய் காய்த்தாலும் புறத்தி புறத்தியே’ என்று வெளியிலிருந்து வந்தவர்களைத்தான் சொல்வார்கள். உங்கள் வீட்டில் உங்களுக்கு முன்பே வாழ வந்தவர் புறத்தியாகிவிட்டார்.

இது உங்கள் ஒருவர் தலையில் விழ வேண்டிய பழி இல்லை. அவர் உங்கள் கணவரைப் பெற்றவர். அம்மா உருவிக் கொடுத்த கீரையைத் தட்டின் ஓரத்தில் தள்ளுகிற மனிதரைப் பார்த்துத்தான் 13 வயதுப் பையனும் தள்ளுகிறான். இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பையனும் கீரை ஆயட்டும்.

இனி சமையல். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள். வைட்டமின் சி-யில் பெரும்பகுதி அதோடு சாக்கடைக்குப் போகிறது. பிழிந்த சக்கையில் சர்க்கரை போட்டால் கசப்பும் போகாது, ருசியும் வராது. கொழுந்தாகப் பார்த்து வாங்கி, பொடியாக அரியுங்கள். பாதி வெந்த பாசிப்பருப்போடு சேர்த்து, தண்ணீர் தெளித்து, மூடாமல் வேகவிடுங்கள். இலை சுருங்கிய பிறகு உப்பு, கடைசியில் கை நிறையத் தேங்காய்த் துருவல். கொஞ்சம் கசக்கத்தான் செய்யும், அது அகத்தியின் குணம். அகத்திப்பூ கிடைத்தால் நடுவிலிருக்கும் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு வதக்குங்கள். கீரை அளவுக்குக் கசக்காது, பையனை அதிலிருந்து பழக்கலாம்.

உங்கள் மாமியாருக்குத் தண்ணிச்சாறு. எண்ணெயில் சீரகம், ஒரு மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் தாளித்து (துவாதசியன்று வெங்காயம் வேண்டாம்), நன்றாகப் பொடியாக அரிந்த கீரையை வதக்கி, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஊற்றிக் குழைய வேகவிடுங்கள். மத்தால் ஒரு கடை கடைந்தால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. உப்புப் போட்டு, இறக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பால். குழைந்த சாதத்தில் பிசைந்து கொடுக்கலாம். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், வயிறு மந்தப்படும். அவர் சித்த மருந்து சாப்பிடுபவராக இருந்தால் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அகத்தி மருந்தை முறிக்கும் என்று அவர்கள் விலக்குவது வழக்கம். சிறுநீரகக் கோளாறோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

முதல் கிண்ணத்தை அவருக்கு ஊற்றிவிட்டு மற்றவர்களுக்குத் தட்டு வையுங்கள். சமையலறையில் வேண்டாம், எல்லோரும் உட்காரும் இடத்திலேயே அவரும் உட்காரட்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடும்.