வாசகர் கேள்வி – பதில்: புளூம்ஸ்பரியில் ஒரு காலை நடை

கேள்வி: லண்டனில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். எழுத்தாளர்கள் வாழ்ந்த புளூம்ஸ்பரியை வழிகாட்டி இல்லாமல் சுற்றிப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. சுமார் 3 கிலோமீட்டர்தான். நின்று பார்ப்பதையும் சேர்த்தால் 2 மணி நேரம். டிக்கன்ஸ் அருங்காட்சியகத்தில் மட்டும் தொடங்காதீர்கள். உள்ளே போனால் வெளியே வர மனம் வராது, மீதி நடை அரைகுறையாகிவிடும்.

வாரன் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கி ஃபிட்ஸ்ராய் சதுக்கத்துக்குப் போங்கள். 29-ஆம் எண் வீட்டில் முதலில் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, பிறகு 1907 முதல் 1911 வரை நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் வாழ்ந்தார்கள். கிழக்கே டாட்டன்ஹாம் கோர்ட் சாலையையும் கோவர் தெருவையும் கடந்தால் கார்டன் சதுக்கம். பலர் தடுமாறுவது இங்கேதான். வர்ஜீனியா 1904-ல் உடன்பிறந்தவர்களோடு குடியேறிய 46-ஆம் எண் வீட்டு நீலப் பலகையில் (பிரபலங்கள் வாழ்ந்த வீடுகளில் பதிக்கும் நினைவுப் பலகை) இருப்பது, பின்னாளில் அங்கே வாழ்ந்த பொருளாதார அறிஞர் கீன்ஸின் பெயர். பெயரைத் தேடாமல் கதவு எண்ணைத் தேடுங்கள்.

பக்கத்து டாவிஸ்டாக் சதுக்கத்தில் எண்ணும் கைகொடுக்காது. வுல்ஃப் 1924 முதல் 1939 வரை இருந்த 52-ஆம் எண் வீடு 1940-ல் குண்டுவீச்சில் அழிந்துபோனது. அங்கே இப்போது ஹோட்டல் நிற்கிறது. பூங்காவுக்குள் அவருடைய மார்பளவுச் சிலையும், நடுவில் 1968-ல் நிறுவிய காந்தி சிலையும் உண்டு. தெற்கே வந்தால் ரஸ்ஸல் சதுக்கம் 24, கவிஞர் எலியட் பதிப்பாசிரியராக வேலை பார்த்த கட்டடம். அதை ஒட்டிய சோவாஸ் (SOAS) என்ற ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அத்தனை தூரம் போய்விட்டு அவரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்!

கில்ஃபோர்ட் தெரு வழியே கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் டௌட்டி தெரு 48. 1837 முதல் 1839 வரை டிக்கன்ஸ் குடியிருந்து 'ஆலிவர் ட்விஸ்ட்' எழுதிய வீடு. முதலில் சொன்ன டிக்கன்ஸ் அருங்காட்சியகம் இதுதான். எல்லா நாளும் திறந்திருக்காது. நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: பதினைந்து பேரை அழைத்துப் போகிறேன். எங்கே நிறுத்திப் பேசுவது?

பதில்: பலகைக்கு நேர் கீழே வேண்டாம். கழுத்து வலிக்கும், வாசலும் அடைபடும். பல வீடுகள் இன்று அலுவலகங்கள். எதிர்ப்புறம், பூங்காக் கம்பிவேலி ஓரம் நிறுத்தினால் வீடு முழுதாகத் தெரியும். டாவிஸ்டாக் சதுக்கத்தின் கிழக்குச் சாலையில் பேருந்துச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். டிக்கன்ஸின் இன்னொரு வீடு இருந்த இடத்தை அங்கே காட்டிவிட்டு, விஷயத்தைப் பூங்காவுக்குள் வந்து சொல்லுங்கள்.

கேள்வி: டிசம்பரில் மாலை நேரம் சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், இருட்டினால் டாவிஸ்டாக் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். காலை 10 மணிக்குத் தொடங்குங்கள்.