பதில்: கம்மிங்கில் கம்பெனி வீட்டுக்கு வாடகைக்குப் போகலாமா?

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா பக்கம் கம்மிங்கில், தெரு முழுக்க ஒரே கம்பெனி வாடகைக்கு விடும் தனிவீடு. மாத வாடகை விளம்பரத்தில் 2,400 டாலர், லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், 2,560 என்று எழுதியிருக்கிறீர்கள்.

உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 160 டாலர் எதற்கென்று வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்மார்ட் லாக், ஏசி ஃபில்டர் என்று கட்டாயக் கட்டணங்கள் இப்படித்தான் நுழைகின்றன. இதே மாதிரி மறைகட்டணப் புகாரில்தான் 2024இல் இன்விடேஷன் ஹோம்ஸ் என்ற பெரிய வாடகைவீட்டுக் கம்பெனி மேல், நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி வழக்குப் போட்டது, அவர்கள் 4.8 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அதனால் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

அப்புறம், ஜார்ஜியாவில் வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. நகராட்சி நினைத்தாலும் மாநிலச் சட்டம் விடாது. அடுத்த வருடம் எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதை இப்போதே பேசி, முடிந்தால் இரண்டு வருடத்துக்கு ஒரே வாடகை என்று லீஸில் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, இது 2024 ஜூலையிலிருந்து சட்டம். அதைக் கட்டும் முன் வீட்டில் ஏற்கெனவே உள்ள பழுதுகளின் பட்டியலை அவர்கள் தர வேண்டும். கார்ப்பெட் கறை, ஜன்னல் கீறல், கராஜ் கதவு எல்லாவற்றையும் நீங்களும் வீடியோ எடுத்து மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

வாடகை தண்டக்காசு என்று ஊரிலிருந்து சொல்வார்கள். 2008 வீட்டு விலைச் சரிவுக்குப் பிறகு இங்கே முதலீட்டு ஃபண்டுகள் மொத்தமாக வீடு வாங்கியதில் சாதாரணக் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டது எனக்கும் ஆற்றாமைதான். ஆனாலும் கிரீன் கார்டு நிச்சயமாகும் வரை வீட்டுக் கடனில் இறங்காதீர்கள். லீஸின் கட்டணப் பக்கத்தை, பெயர் மறைத்து, இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.